கொல்லைச் சுவருக்கு ஒரு துப்பாக்கி

எனக்குப் பயம் பிடித்தது பட்டப்பகலில். பக்கத்துத் தெரு டீச்சர் மத்தியானம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒருத்தன் சுவர் ஏறிக் குதித்து, கழுத்தை நெரித்து, தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். போய்ப் பார்த்தேன். அவர் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. விருத்தாசலத்தில் எங்கள் தெரு பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆம்பளைகள் வேலைக்குப் போய்விட்டால் ஈ காக்கை இருக்காது. என் வீட்டுக்காரருக்கும் சூளையில்தான் வேலை. குக்கர் விசில் அடித்தால்கூட ஓடிப்போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஒரு நாய் வாங்கிக்கலாமா?" என்றார்.

"நாய்க்குப் பிரியாணி போட்டா வாலாட்டும். துப்பாக்கி வாங்கிக் குடுங்க" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் நச்சரிப்பு தாங்காமல் சென்னையில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார்.

கடைக்காரர் பொறுமைசாலி. முதலில் ஏர்கன் காட்டினார். இது ஆளை நிறுத்தாது என்று அவரே சொன்னார். அப்புறம் பாயிண்ட் டூ டூ கார்பைன் என்று ஒரு நிஜத் துப்பாக்கி. குழல் குட்டை, குண்டும் சின்னது, தோளில் உதைக்காது, ஆனால் லைசென்ஸ் வாங்கி வந்தால்தான் தருவேன் என்றார். தூக்கிப் பார்த்தேன். கீழே வைக்க மனசில்லை.

"யாரு வருவாங்கன்னு பயப்படுறீங்கம்மா?"

"கொல்லைச் சுவரு ஏறிக் குதிப்பான். மூஞ்சியில துண்டு கட்டியிருப்பான். சத்தமே வராது. யாருன்னுகூட கேக்க மாட்டேன், சுட்டுடுவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் முகம் வெளுத்திருந்தது. சூளை ஆட்கள் உடம்பெல்லாம் வெள்ளை மண்ணோடு வாசல் வழியாக வீட்டுக்குள் வரமாட்டார்கள். கொல்லைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் படியேறுவார்கள். எங்கள் கொல்லைக்குத் தனி வழி கிடையாது. கல்யாணமானதிலிருந்து அவர் சுவர் ஏறித்தான் குதிக்கிறார், தூசிக்குக் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல்.

என் கையிலிருந்து துப்பாக்கியை மெல்ல வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்தார். "வா, போலாம்" என்றார். பஸ் விழுப்புரம் தாண்டும்போது சொன்னார். "இனிமே சுவத்துல ஏறும்போது 'நாந்தான்'னு குரல் குடுக்குறேன். நீ பயப்படாத."

அப்படியே செய்தார். மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்து அவர் அந்தக் குரல் கொடுக்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். "நாந்தான்" என்று கேட்டதும் அப்பாடா என்று தாழ்ப்பாளை எடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

போன ஐப்பசியில் சூளையை நிறுத்தி ரிப்பேர் பார்த்தார்கள். அவர் வேலைக்குப் போகாமல் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கொல்லையில் தொப்பென்று சத்தம்.

"நாந்தான்."

பழக்கதோஷம். ஈரக்கையோடு போய்த் தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டேன்.

"யாரு அது?" என்று முன்னறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

இழுத்த தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளக்கூட எனக்குக் கை வரவில்லை. அவர் எழுந்து ஓடி வருவதற்குள் வெளியே நின்றவன் சுவர் ஏறித் தப்பிவிட்டான். அவர் தினமும் குரல் கொடுத்ததை எவனோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

அந்தத் துப்பாக்கியை வாங்கியிருக்கலாமோ என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். வாங்கியிருந்தாலும், அதை ஒரு மூலையில் சாத்தி வைத்துவிட்டு நான் கதவைத்தான் திறந்திருப்பேன்.