கம்பளிக் கிடங்கில் ஒரு தம்பதி

வேலையில் சேர்ந்த பத்தாம் நாளே ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டேன். இந்த உத்தியோகத்துக்கு வரப்போகிறவர்கள் என்னைவிட நிதானமாகப் பூட்டட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யுத்தக் காலம். ஆவடியில் பட்டாள டிப்போ வந்ததும் சுற்றுப்பட்டில் ஏர் ஓட்டியவர்கள் எல்லாம் ஷிப்டுக்குப் போனார்கள். வீட்டில் சண்டை வந்தால் ஆள் வேலைக்கு வரமாட்டான். ஆகவே ஒரு வெல்ஃபேர் ஆபீஸ். சண்டைகளைப் பேசித் தீர்க்க ஒரு குமாஸ்தா. அது நான். இண்டர்மீடியட் பாஸ், கலியாணம் ஆகவில்லை. தாம்பத்தியத்தைப் பற்றி இங்கிலீஷ் புத்தகம் ஒன்று படித்திருந்தேன். அதனால் எல்லாம் தெரியும்.

1. விசாரணை

முனுசாமி, அம்பத்தூர்க்காரன், டிப்போவில் மூட்டை ஏற்றுகிறவன். மனைவி கன்னியம்மா கோபித்துக்கொண்டு வேப்பம்பட்டுத் தாய்வீட்டுக்குப் போய் இரண்டு மாதம். அமாவாசைக்குள் சமாதானம் ஆகாவிட்டால் பஞ்சாயத்தில் உறவை அத்துவிடுவது என்று இரு வீட்டாரும் முடிவு செய்திருந்தார்கள்.

புத்தகப்படி அவளைத் தனியாக விசாரித்தேன்.

"அடிச்சானா?"

"இல்ல சார்."

"குடிக்கிறானா?"

"அது இன்னா பெரிய விஷயம்?"

"பின்னே ஏம்மா போனே?"

ஜன்னலில் மாமியார் அஞ்சலையின் முகம் முளைத்தது. "சொல்லேண்டி! நான் இன்னா கொறை வச்சேன், சொல்லு!"

கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். விசாரணை முடிந்தது.

2. பூட்டு

அடுத்த வாரம் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்தேன், ஜன்னலே இல்லாத கம்பளிக் கிடங்கில். கிடங்கைவிட்டு வெளியே வருகிறவன் கதவைப் பூட்டவேண்டும் என்பது டிப்போ சட்டம். ஆபீசர் கூப்பிட்டார். கை தன்பாட்டுக்குப் பூட்டியது, சாவியோடு போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே ஆள் இருப்பது நினைவு வந்தது.

ஓடிவந்தால் அஞ்சலை கதவை இடித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ் குமாஸ்தா! உள்ள கொலை கிலை உழுந்திருந்தா நீதான் பதில் சொல்லணும்!"

திறந்தேன். இருவரும் கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், அதுக்குள்ள வந்துட்டே?" என்றான் முனுசாமி.

"சண்டை தீர்ந்துதா?"

"இல்ல சார், இன்னும் கீது," என்றாள் கன்னியம்மா அவசரமாக. "இன்னும் ரெண்டு வாட்டி பூட்டணும்."

அஞ்சலையை வாசலுக்கு அனுப்பிவிட்டுக் காரணம் கேட்டேன்.

"ஊட்ல பதினோரு பேரு சார், ஒரே கூடம். முன்னல்லாம் ரெண்டு பேரும் கழனிக்குப் போவோம்; போறப்ப வர்றப்ப பேசிக்கினே போவோம். இவரு டிப்போல சேந்தாரு, அதும் போச்சு. பேசாத ஆளோட இருந்து இன்னா பண்றது?"

3. வைத்தியம்

அமாவாசைக்கு நான்கு நாள். அம்பத்தூர் போய் அஞ்சலையைப் பார்த்தேன்.

"மாட்டுக் கொட்டாய்ல பாதிய தட்டி வச்சு அடைச்சு, ஒரு கதவு போட்டுக் குடும்மா."

"அப்ப மாடு எங்க நிக்கும்? உன் ஆபீஸ்லயா?"

"மருமக வேணுமா, மாடு வேணுமா?"

யோசித்தாள். நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் யோசித்தாள்.

"இதச் சொல்லவா உன்ன இம்மாம் படிக்க வச்சாங்க?" என்று கேட்டுவிட்டு ஓலை வாங்கக் கிளம்பினாள்.

அமாவாசையன்று பஞ்சாயத்துக்கு வேலை இல்லை. முதல் நாளே கன்னியம்மா ரயிலில் வந்து இறங்கிவிட்டாள்.

இப்போதெல்லாம் யாராவது சண்டை என்று வந்தால், என்ன சண்டை என்று கேட்பதில்லை. வீட்டில் எத்தனை பேர், எத்தனை கதவு என்றுதான் முதலில் கேட்கிறேன்.