பத்தாவது பகுதிக்குள் அம்மா

தொயாமா நகரத்தில் டிராம் கடைசியாக நின்று திரும்பும் இடத்துக்கு எதிரே ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. அங்கே சமைத்த பதார்த்தங்கள் விற்கும் பகுதியில் யாசுயோவுக்கு வேலை. உருளைக்கிழங்கை மசித்து உருட்டிக் கொரொக்கே பொரிப்பாள், டப்பாவில் அடுக்குவாள், ஏழு மணி அடித்ததும் மிச்சமிருப்பதன் மேல் ‘பாதி விலை’ ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்த ஸ்டிக்கருக்காக அவள் பின்னாலேயே கூடையோடு நடக்கும் கூட்டத்தைப் பார்த்தால், ஊரிலேயே செல்வாக்கு மிகுந்தவள் அவள்தான் என்று தோன்றும். வீட்டில் அந்தச் செல்வாக்கு சுத்தமாக எடுபடவில்லை.

நாற்பத்தொரு வயதில் அவள் தகானோரியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். முதல் மனைவி இறந்து ஆறு வருஷம். பதிமூன்று வயதில் கொதோமி என்று ஒரு பெண். கல்யாணம் ஆகி மூன்றே மாதத்தில் கம்பெனி அவனை ஃபுகுஓகாவுக்கு மாற்றியது. குடும்பத்தை விட்டுவிட்டு ஆண்பிள்ளை வேலைக்காகத் தனியாகப் போய் இருப்பது அந்த நாட்டில் சர்வசாதாரணம் என்பதால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. இரண்டு கோட்டு சூட்டையும் ஒரு சின்ன ரைஸ் குக்கரையும் எடுத்துக்கொண்டு அவன் கிளம்பினான். ஒருத்திக்கு ஒருத்தி சரியாக முகம்கூடப் பழகாத இரண்டு பேரை ஒரே வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, “நல்லா ஒத்துமையா இருங்க” என்றான்.

அவன் ஃபுகுஓகாவில் தனி அறையில் உட்கார்ந்து என்ன செய்வான்? டிவி பார்த்தான். அந்தப் பருவத்தில் வியாழக்கிழமைதோறும் ‘ஒரே சாவி’ என்று ஒரு டிராமா. சித்தியும் மூத்தாள் பெண்ணும் பத்தே பகுதிகளில் பாசமாகிவிடும் கதை. அதில் வரும் சித்தி மீன் பொரித்தாலும் ஏப்ரனில் ஒரு சொட்டு எண்ணெய் தெறிக்காது. பெண் கோபித்துக்கொண்டு ஓடினால் உடனே மழை வரும், சித்தி குடையோடு வருவாள், பியானோ வாசிப்பார்கள். அப்புறம் இருவரும் விளம்பரதாரரின் சூப்பைக் குடிப்பார்கள்.

பகுதி முடிந்ததும் தகானோரி போன் செய்வான்.

“யாசுயோ, பார்த்தியா? நாலாவது வாரத்துலயே அந்தப் பொண்ணு சித்தி கையால சாப்பிட்டுட்டா. நம்ம வீட்ல எந்தப் பகுதி ஓடுது?”

“நம்ம வீட்ல அவ காளானைத் தட்டு ஓரமா ஒதுக்கி வைக்கிற பகுதிங்க. ரொம்ப நாளா ஓடுது.”

“விளையாடாத. ஆறாவது வாரத்துல அவ ‘அம்மா’ன்னு வாய் வரைக்கும் கொண்டு வந்துட்டா!”

லிஃப்ட் பராமரிக்கிறவன் அல்லவா, எந்த மாதம் எந்த மாடி என்று அட்டவணை இல்லாமல் அவனால் இருக்க முடியாது. எட்டாவது வாரம் தீர்ப்பே சொல்லிவிட்டான். “டிராமா முடியறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒட்டலேன்னா, கொதோமிய நாகோயால எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம். பாவம், ரெண்டு பேருக்கும் எதுக்குக் கஷ்டம்?”

யாசுயோ போனை மூடிவிட்டுத் திரும்பினாள். கொதோமி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நாகோயாவுக்கு நான் போக மாட்டேன்,” என்றாள். “என் டேபிள் டென்னிஸ் டீம் இங்க இருக்கு. என் ரூம் இங்க இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்களும் இங்கதான் இருக்கீங்க,” என்று சேர்த்துக்கொண்டாள், ஏதோ சாமான் பட்டியலில் விட்டுப்போனதைச் சேர்ப்பது போல.

அந்தக் கடைசி வரி யாசுயோவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு இரவு முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

“அப்ப நடிச்சிடலாமா?” என்றாள் யாசுயோ.

அதிலிருந்து வீட்டில் ஒத்திகைதான். கொதோமி டைரக்டர். பெயரோடு ‘சான்’ என்று மரியாதை சேர்த்துத்தான் அவள் யாசுயோவைக் கூப்பிடுவாள். டிராமாவைப் பதிவு செய்து, யாசுயோ வேலை முடிந்து வந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துப் பாடம் படிப்பார்கள்.

“யாசுயோ சான், அப்படிச் சிரிக்காதீங்க. பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டற மாதிரியே இருக்கு.”

“உன் அழுகை மட்டும் ரொம்ப ஒழுங்கோ? தும்மல் வராதவ முகம் மாதிரி இருக்கு.”

குளியலறை ஷவரை மழையாக வைத்துக் குடைக் காட்சியைப் பழகினார்கள். இரண்டு பேருக்கும் ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். எல்லாம் சரியாக வந்தது, அந்த ஒரு வார்த்தையைத் தவிர. ‘அம்மா’ என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால் கொதோமி வாயை மூடிக்கொள்வாள்.

“சொல்லக் கஷ்டமா இருக்கா?” என்றாள் யாசுயோ.

“அது வேற ஒருத்தங்களோட பேரு மாதிரி இருக்கு.” அவள் கண், பெற்ற தாயின் படம் இருந்த அலமாரிப் பக்கம் போய் வந்தது.

யாசுயோவுக்கு அழுகை வந்தது. ஆனால் டிராமாவில் வருவது போல அவளால் அழகாக அழ முடியாதே! மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: “சரி. அவங்ககிட்ட கேட்டுட்டு, உங்கப்பா வர்ற சனிக்கிழமை மட்டும் இரவல் வாங்கிப்போம். திருப்பிக் குடுத்துடலாம்.”

கொதோமி அலமாரி முன்னால் போய் நின்று, கை கூப்பி, நிஜமாகவே கேட்டாள்.

சனிக்கிழமைதான் தகானோரி அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தான். வியாழக்கிழமை கடைசிப் பகுதி. பார்த்துவிட்டு முடிவுக் காட்சியை அப்படியே நடித்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் அன்றைக்கு வாலிபால் ஆட்டம் ஐந்தாவது செட் வரை இழுத்துவிட்டது. டிராமா நாற்பது நிமிஷம் தள்ளிப் போனது. பதிவுப் பெட்டி மட்டும் தன் நேரத்துக்குச் சரியாக நின்றுகொண்டது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வாலிபால் ஆட்டமும் டிராமாவின் முதல் பத்து நிமிஷமும்தான்.

“ஜெயிச்சது யாருன்னு மட்டும் தெரியுது,” என்றாள் கொதோமி. “வேற எப்படி முடியும்? கட்டிப்பிடிச்சுப்பாங்க. அவ்ளோதான்.”

சனிக்கிழமை மத்தியானம் தகானோரி வாடகை வேனில் வந்து இறங்கினான். கூடவே அக்கா ஃபுமியே. நாகோயாவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். எதைப் பார்த்தாலும் பவர் போதாது என்கிற முகம். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாசுயோ கறை இல்லாத புது ஏப்ரனில் கொரொக்கே கொண்டுவந்து வைத்தாள். கொதோமி எழுந்து, இரண்டு கையாலும் யாசுயோவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒத்திகையில் ஒருநாளும் வராத குரலில் சொன்னாள்:

“இத்தனை நாளா உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்க... அம்மா.”

தகானோரி தேம்பித் தேம்பி அழுதான். “வந்துடுச்சு! வந்துடுச்சு! அக்கா, பார்த்தியா?” கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடினான். திரும்பி வரும்போது கை நிறைய அட்டைப்பெட்டிகள்.

“இது எதுக்கு?” என்றாள் யாசுயோ.

“எதுக்கா? கடைசிப் பகுதி பார்க்கலையா நீ? சித்தி அந்தப் பொண்ண சொந்தக்காரங்க ஊருக்கு ரயில் ஏத்தி விடறாளே! ‘பாசம் இருக்கறதாலதான் அனுப்பறேன்’னு சொல்றா பாரு... அந்தப் பொண்ணு ஜன்னல் வழியா ‘அம்மா’ன்னு கத்தறா. நாடே அழுதுச்சு. நீங்களும் அந்த இடத்துக்கு வந்துட்டீங்க. சோம்பேறித்தனம் பண்ணாம இன்னிக்கே அடுக்கிடலாம்.”

கொதோமியின் முகம் வெளுத்துவிட்டது. “ஒட்டலேன்னா அனுப்புவேன்னீங்க. ஒட்டினாலும் அனுப்புவீங்களா?”

யாசுயோ ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள்.

“எடுத்துட்டுப் போங்க அந்தப் பெட்டிய! இவ அலாரத்த மூணு தடவ அமுக்கிட்டுத் தூங்குவா, நாலாவது தடவ நான்தான் போர்வைய உருவணும். நாகோயால யார் உருவுவா? இவ ஷூவக் கழட்டினா வாசல்ல நிக்க முடியாது, அதுக்கு நான் மூக்கைப் பழக்கி வெச்சிருக்கேன். அந்த டிராமாக்காரிக்கு அழகா அனுப்பி வைக்கறதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. எனக்கு யாரும் குடுக்கல. நான் அனுப்ப மாட்டேன்!”

“ஷூ நாறுதுன்னு எல்லார் முன்னாடியும் ஏன் சொல்றீங்க?” என்று கத்தினாள் கொதோமி.

“நாறுது, சொல்றேன்!”

“உங்க தலையில எண்ணெய் வாசனை வரும்போது நான் சொன்னேனா?”

“இப்ப சொல்லிட்டியே!”

இரண்டு பேரும் கத்திக்கொண்டே அழுதார்கள். மூக்கு, கண் எல்லாம் ஒழுகியது. பியானோவும் இல்லை, மழையும் இல்லை. வெளியே நல்ல வெயில். தகானோரி பெட்டிகளை அணைத்தபடி விழித்தான். “டிராமால இப்படி வரலையே,” என்றான்.

ஃபுமியே மூன்றாவது கொரொக்கேயை மென்று முடித்தாள்.

“டேய், ஒண்ணு கேக்கறேன். என் வீட்டுக்கு அனுப்பறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எங்க வீட்ல இருக்கறதே ரெண்டு ரூம். ஒண்ணுல நான், ஒண்ணுல கண்ணாடி ஃபிரேம். ஓசியா வேன் வருதேன்னு ஊர் பார்க்க வந்தேன்டா நான்.” அப்புறம் யாசுயோ பக்கம் திரும்பினாள். “இந்தக் கத்து கத்தறவங்களை எவன் பிரிப்பான்? இன்னும் ரெண்டு கொரொக்கே வைம்மா.”

“வைக்கறேன் அண்ணி,” என்று விசும்பிக்கொண்டே எழுந்தாள் யாசுயோ.

தகானோரி பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றான்.

“அப்பா, அத மடிச்சுக் கயிறு கட்டி வாசல்ல வைங்க,” என்றாள் கொதோமி, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “பழைய அட்டை எடுக்க வண்டி வர்றது செவ்வாய்க்கிழமைதான். டேப்ப உரிச்சிடுங்க, இல்லேன்னா எடுத்துக்க மாட்டாங்க. யாசுயோ சான், கயிறு எங்க வெச்சீங்க?”