ஸ்பானர் வைக்காத பக்கம்

பஸ்ஸின் வலது பக்கத்தில் பிரேக் மாட்டிய மூன்று பேரும் கை கழுவப் போய்விட்டார்கள். மூத்த மெக்கானிக்கான அவர் மட்டும் வண்டிக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி, பின்பையிலிருந்து ஸ்பானரை உருவி, ஒவ்வொரு நட்டிலும் வைத்து ஓர் அழுத்து அழுத்துகிறார். நட்டு நகர்ந்தால் ஒரு 'ம்'. நகராவிட்டாலும் அதே 'ம்'தான். வலது பக்கம் முடிந்ததும் ஸ்பானர் மறுபடி பைக்குள் போய்விடும். இடது பக்கத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படியேறி வெளியே வருவார். பழைய துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, காத்திருக்கும் டிரைவரிடம் சொல்வார்:

"எடுத்துட்டுப் போ. இப்போதைக்கு ஓடும்."

வேலைக்குப் புதிதாக வந்த டிரைவர்கள் இதைக் கேட்டு வெலவெலத்துப் போவார்கள். "இப்போதைக்குன்னா... எதுவரைக்கும்ணே?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நிக்கிற வரைக்கும்" என்று பதில் வந்தது. பழைய டிரைவர்கள் சிரிப்பார்கள். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் வண்டி பல மாதத்துக்குப் பணிமனைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதனால் பணிமனையில் அவருக்கு 'இப்போதைக்காரர்' என்றே பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ரிப்பேர் பார்த்த வண்டியை மெச்சினால் அது மறுநாளே திரும்பி வரும் என்பது மெக்கானிக்குகள் எல்லாரும் அரைகுறையாக நம்புகிற சங்கதி. இவர் முழுசாக நம்புகிறவர். அந்த நம்பிக்கையைப் பணிமனைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தாலாவது பிழைத்துப் போயிருக்கலாம். வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது, "இப்போதைக்கு அம்மா சாடையாத்தான் இருக்கு" என்றாராம். மனைவி இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சமையல் எப்படி என்று கேட்டால், "உப்பு இருக்கு" என்பது பாராட்டு. "உப்பு சரியா இருக்கு" என்றால் அன்றைக்கு விருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடது பக்கம் மச்சினனுடையது. மனைவியின் கூடப் பிறந்த தம்பி. இடக்கைப் பழக்கம் உள்ளவன் என்பதால் அந்தப் பக்கம்தான் அவனுக்கு வாகு. மாமா பேசாததையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். டயர்காரன் மாமியார் சண்டையிலிருந்து மேனேஜரின் புதுச் செருப்புவரை குழிக்குள் செய்தி வாசித்துக்கொண்டே இருப்பான். கை பாட்டுக்கு வேலை செய்யும். இவர் எதிர்ப்பக்கத்தில் நின்று கையை நீட்டுவார். எது வேண்டும் என்று சொல்லமாட்டார். சரியான சாமான் உள்ளங்கையில் வந்து உட்காரும்.

அந்தப் பணிமனையில் சம்பளம் என்பது யார் யாருக்கு வேண்டியவர் என்பதைப் பொறுத்திருந்தது. இன்ஜின் வேலைக்கு ஒரு கூலி, பிரேக் வேலைக்கு அதைவிடக் கம்மி. நேற்று வந்தவன் மேனேஜர் வீட்டுக் காய்கறிப் பையைத் தூக்கியே மேலே போய்விடுவான். இது தொடர்பாக வாயிலில் கூட்டம் போட்டபோது, யாரோ இவரைப் பிடித்துத் தள்ளி முன்னால் நிறுத்திவிட்டார்கள். வாழ்நாளிலேயே ஒரு தடவைதான் மேடையில் பேசினார்.

"மூஞ்சியப் பாத்துக் குடுக்காதீங்க. வேலையப் பாத்துக் குடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. வெளியிலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு வேலையையும் எடைபோட்டு மதிப்பெண் தருவார்கள். அதை வைத்துத் தரம், தரத்தை வைத்துச் சம்பளம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் போய்த் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேக் பகுதியில் எல்லாக் கைகளும் இவரைத்தான் காட்டின. பொய் சொல்லாத ஆள், அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது என்பது கணக்கு.

மச்சினனுக்கு அப்போது தொலைதூரத்து ஊர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருந்தது. பெரிய பணிமனை, நல்ல சம்பளம். குழிக்குள் நின்றபடி அதையும் சொன்னான்.

"நமக்கு முதல் தரம் வந்துட்டா நான் எங்கயும் போகல மாமா. பிள்ளைங்க பள்ளிக்கூடம் இங்க, அக்கா இங்க, நீங்க இங்க. அங்க போய் யாரோட பேசுறது?"

"ம்" என்றார் அவர். அன்றைக்குத் தேவையில்லாமல் இரண்டு தடவை கையை நீட்டினார்.

மதிப்பிட வந்தவர் சின்ன வயதுப் பெண். மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று நாற்காலி காட்டி, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கத் தொடங்கினார். வேலையில் திறமை எவ்வளவு வேண்டும், பொறுப்பு எவ்வளவு, ஆபத்து எவ்வளவு, உங்கள் ஆட்கள் எப்படிச் செய்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டார். அவர் டீயை ஆறவிட்டு யோசித்தார். ஐந்து என்றால் இனிமேல் திரும்பியே வராத வண்டி. அப்படி ஒரு வண்டி உலகத்தில் கிடையாது. நாலு என்றால் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே எல்லாவற்றுக்கும் மூன்று என்றார். தனக்கு மட்டும் இரண்டு.

"உங்களுக்கு ஏன் சார் ரெண்டு?"

"முன்ன மாதிரி குனிய முடியலைங்க."

"மத்ததுக்கெல்லாம் நாலுன்னு போட்டுக்கலாமா?" என்று அந்தப் பெண் தானாகவே கேட்டுப் பார்த்தார். நல்ல மனசு. இவர் பதறிவிட்டார். "வேணாம்மா. மூணே ஜாஸ்தி."

அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மனைவியிடம், "கொஞ்சம் கூடவே சொல்லிட்டேனோன்னு இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து மூன்று வந்தது அதுதான் முதல் தடவை. அள்ளிக் கொடுத்துவிட்டு வந்த மனிதரின் வெட்கம் அவர் முகத்தில் இருந்தது.

மற்றப் பகுதிக்காரர்கள் உலகம் தெரிந்தவர்கள். வண்டி கழுவுகிற பகுதியிலிருந்து போனவர், "கண்ணுல சோப்புத் தண்ணி பட்டா தெரியும், இது எவ்வளவு ஆபத்தான வேலைன்னு" என்று தொடங்கி எல்லாவற்றுக்கும் ஐந்து வாங்கிவிட்டார். இருக்கைத் தையல்காரரும் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. முடிவு வந்தபோது கழுவுகிறவர்கள் இரண்டாம் தரம். ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் மூன்றாம் தரம்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கே ஆறுதலாக இருந்திருக்கும். டீ நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் அளவுக்கு மீறி இடம் விட்டார்கள். ஒருவன் மட்டும் அவர் காதில் விழும்படி சொன்னான்: "காக்கா கூட தன் குஞ்சப் பொன்குஞ்சுன்னுதான் சொல்லும். நம்மாளு குஞ்சத் தூக்கித் தராசுல போட்டுட்டாரு." மச்சினன் சிரிக்கவில்லை. குழிக்குள் செய்தி வாசிப்பதும் நின்றுபோயிருந்தது.

மேல்முறையீடு என்று ஒரு வாய்ப்பு இருந்தது. அதற்கு முந்தின நாள் மாலை மச்சினன் வீட்டுக்கு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "எது கேட்டாலும் அஞ்சு மாமா. வேற எதுவும் சொல்லாதீங்க. அஞ்சு. எனக்காக."

"சரி" என்றார்.

மறுநாள் காலையில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே, "அருமை... ரொம்ப அருமையான வேலை" என்று ஒரு குரல் கேட்டது. சமையலறையில் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சு. அஞ்சுக்கு அஞ்சு" என்று மறுபடி கேட்டது. அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதே பெண்தான். அதே நாற்காலி, அதே டீ. திறமைக்கு ஐந்து என்றார். பொறுப்புக்கு ஐந்து என்றார். பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"போன தடவை மூணு சொன்னீங்க சார். நடுவுல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலைங்க."

"அப்போ எது சரி?"

கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை. எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் கேட்டார். ஆனால் நேருக்கு நேர் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லிப் பழகாத மனிதர் என்ன செய்வார்? குளியலறையில் சேர்த்து வைத்த அருமையெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆறிப்போன டீயை நகர்த்தி வைத்துவிட்டு, தன்னிடம் உண்மையாக இருந்ததை எடுத்து வைத்தார்.

"எங்ககிட்ட இடது பக்கம் ஒருத்தன் வேலை செய்றாங்க. அவன் மாட்டின நட்டுல நான் இதுவரைக்கும் ஸ்பானர் வச்சதே இல்லைங்க."

யாருக்கும் அவர் கொடுக்காத மரியாதை அது. தான் மாட்டிய நட்டையே இரண்டு தடவை சோதிக்கிறவர் அவர். அந்த ஒருவனுடைய வேலையில் மட்டும் சந்தேகத்தை வைத்ததில்லை. அத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை, ஒரு வெளியாள் முன்னால் திறந்து காட்டிவிட்டார்.

"செக் பண்றதே இல்லையா சார்?"

"இல்லவே இல்லைங்க" என்றார் பெருமையாக.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார். பிறகு தட்டச்சு செய்தார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, எல்லாம் சொல்லிவிட்டேன் என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த மச்சினன் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவன் அதை ஐந்து என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தரத்தில் மாற்றம் இல்லை. கீழே ஒரு குறிப்பு: பிரேக் பகுதியில் இடது பக்கத்து வேலை இறுதிச் சோதனை இல்லாமலே வெளியே அனுப்பப்படுவதாக அப்பகுதியின் பிரதிநிதியே ஒப்புக்கொண்டுள்ளார், உடனே சரிசெய்யப்பட வேண்டும்.

மச்சினன் அதை இரண்டு தடவை படித்தான். நேராகக் குழிக்கு வந்தான்.

"மத்தவன் வேலையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்களே மாமா, என் பக்கம் ஒருநாளும் வந்ததில்ல. ஏன்னு நானும் யோசிச்சிருக்கேன். தப்புக் கண்டுபிடிச்சா வீட்டுல அக்கா மூஞ்சிய எப்படிப் பாக்குறதுன்னு விட்டுட்டீங்களா? என் வேலை அவ்வளவு மட்டமா? சரி, அது நமக்குள்ள இருந்துட்டுப் போகட்டும். அதப் போய் அங்க ஏன் மாமா சொன்னீங்க?"

அவர் வாயைத் திறந்தார். "அது வந்து..." என்றார். மேலே வரவில்லை. 'உன் வேலையில எனக்கு அவ்வளவு நம்பிக்கைடா' என்று ஒரு வரி போதும், எல்லாம் சரியாகியிருக்கும். மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எதையும் மெச்சாமல் காத்து வைத்திருந்த வாய் அவருக்கே உதவாமல் போயிற்று. பார்க்கப் பாவமாக இருந்தது. மச்சினன் கையுறையைக் கழற்றி வைத்தான்.

அவன் குடும்பத்தோடு அந்தத் தொலைதூரத்து ஊருக்குப் புறப்பட்ட காலையில் பஸ் நிலையத்துக்கு இவரும் மனைவியும் போனார்கள். மனைவி தம்பியின் பிள்ளைகளை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். வந்து நின்றது அவர்கள் பணிமனை வண்டிதான். இவர் முன்சக்கரத்தின் அருகில் போய் நின்றுகொண்டார். இடது சக்கரம். மச்சினன் வேலையை விடுவதற்கு முன் கடைசியாகப் பிரேக் மாட்டிய வண்டி.

"போயிட்டு வரேன் மாமா."

"ம்" என்றார். பிறகு, "இப்போதைக்குப் போயிட்டு வா" என்றார்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு மச்சினனுக்குச் சிரிப்பு வந்தது. "கடைசி வரைக்கும் திருந்தவே மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

திரும்பி நடக்கும்போது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வாயத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அவனுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார் அவர்.

இடது பக்கத்துக்கு இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். வேலையில் குறை சொல்ல முடியாது. வாய் அதிகம் இல்லை. வந்த முதல் நாள் மாலை, எல்லாரும் கை கழுவப் போனபிறகு, இவர் வழக்கம்போல இறங்கி வலது பக்கத்து நட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஸ்பானரைப் பையில் செருகினார். படியேறினார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

இரண்டாவது படியில் அவர் நின்றார். இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கினார். எதிர்ப்பக்கம் போய் நின்று, ஸ்பானரை எடுத்துச் சட்டைக் கையில் ஒரு தடவை துடைத்து, இடது சக்கரத்து நட்டில் வைத்தார். உடனே அழுத்தவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.