காவற்கோபுரத்தடியில் ஒரு மெழுகுதிரி

கிங்ஸ்பரி மாதா கோயிலில் இன்று அணைந்த மெழுகுதிரியின் புகை மணந்ததும் என் தலை தானாகக் குனிந்தது. சிறுவயதில் பிரான்சில் நாங்கள் ஒரு கோடைப் பகலில் ஏறிய மலையும், காலடியில் நொறுங்கிய பைன் சருகும், சில்வண்டுகளின் ஓயாத இரைச்சலும், உச்சியில் இப்போது இல்லாத அந்தக் காட்டுத்தீக் காவற்கோபுரமும் திரும்பி வந்தன. எந்த மாதாவைக் கண்டாலும் மெழுகுதிரி கொளுத்தாமல் நகராத அம்மா, கோபுரத்தடியில் இருந்த மாதா சுரூபத்தின் முன்னால் நின்று, கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து, "நீ கொளுத்து பிள்ளை" என்றார். கொளுத்தினேன். காவலாளி பதறி இறங்கி ஓடிவந்து, அதை மிதித்து அணைத்து, யார் கொளுத்தியது என்று பிரெஞ்சில் கத்தினார். நான் அம்மாவைக் காட்டினேன். பிரெஞ்சு தெரியாத அம்மா, நான் தன்னை அறிமுகப்படுத்துவதாக நினைத்து, சிரித்தபடி "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.