நெய்ச்சோறு வகுத்த வியூகம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரைக்கால் அணி நாகப்பட்டினத்தை ஜெயித்துவிட்டது! பேனா பிடித்திருக்கும் கை இன்னும் துள்ளுகிறது. ஜெயித்தது எப்படி? சொன்னால் சிரிப்பீர்கள்... சிரியுங்கள்.

எங்கள் கேப்டன் யூசுப் புது மாப்பிள்ளை. மரைக்காயர் வீடுகளில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். வந்த இடத்தில் மாமனாருக்கு ஃபுட்பால் என்றால் வேப்பங்காய். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகும் அவர்கள் விட்டுப்போன பந்து மட்டும் ஏன் போகவில்லை என்று அவருக்குத் தீராத கோபம்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்குறேன். ஜெயிச்சா ஆடுங்க. தோத்தா பூட்ஸக் கழட்டி வச்சிட்டு நம்ம கடையப் பாக்க வந்துருங்க" என்று சொல்லிவிட்டார்.

யூசுப்புக்கு ஆட்டம்தான் உயிர். ஆடிப்போனவன், கலந்து பேசலாம் என்று ஞாயிறு மத்தியானம் அணி முழுவதையும் மாமனார் வீட்டுக்கு வரச் சொன்னான். தப்பு அங்கேதான் நடந்தது.

மாப்பிள்ளையின் தோழர்களைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கமே அந்த வீட்டில் கிடையாது. சஹன் என்று பெரிய தட்டு — சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நெய்ச்சோறும் கறியுமாக அது வந்தது. காலியானால் திரும்பவும் வந்தது.

"நாலு மணிக்கு ஆட்டம் இருக்கும்மா..." என்று நான் இழுத்தேன்.

"இருக்கட்டும் தம்பி. வெறும் வயித்தோட அனுப்புனா ஊரு என்ன பேசும்?" — கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல்.

ஊர் பேசக்கூடாதே என்று சாப்பிட்டோம். நான் ஊருக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மைதானத்தில் எங்களைப் பார்த்து யூசுப்புக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்து பூட்ஸ் கயிறு கட்டக்கூட யாராலும் முடியவில்லை. அந்தப் பக்கம் நாகப்பட்டினத்துக்காரர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓட முடியாதுல்ல? ஓட வேணாம்! பந்து ஓடட்டும்" என்றான் யூசுப் திடீரென்று.

எப்போதும் நாங்கள் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து ஃபார்வர்டு என்று ஆடுவோம். அந்த ஐவரில் என்னையும் இன்னொருவனையும் நடுவுக்கு இழுத்துவிட்டான். நடுவில் இப்போது ஐந்து பேர்!

"சஹனச் சுத்தி ஒக்காந்தோம்ல? அதே மாதிரி வட்டமா நில்லுங்க. ஒருத்தருக்கொருத்தர் கறியத் தள்ளிவிட்ட மாதிரி காலுக்குக் கால் பந்து போவணும்."

போனது. சின்னச் சின்ன பாஸ். நாகப்பட்டினம் துரத்தியது, நாங்கள் நின்றோம்.

"பந்த வச்சிக்கிட்டு குடும்பமா நடத்துறீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். அந்த நேரம் பார்த்து எங்கள் தலைக்கு மேலே நாகப்பட்டினத்துக்காரன் அடித்த ஒரு நீளப் பந்து... கோல். யூசுப் பந்தைப் பார்க்கவில்லை, குடை பிடித்து நின்ற மாமனாரைத்தான் பார்த்தான்.

இரண்டாம் பாதியில் கதை மாறியது. துரத்தித் துரத்தி அவர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எங்களுக்கோ சோறு செரித்துவிட்டது!

"இப்ப எந்திரிங்கடா!" என்று யூசுப் கத்தினான். நடுவில் நின்ற ஐந்து பேரும் முன்னேறினோம். முன்னால் இருந்த மூவரோடு எட்டுப் பேர்! யாரைத்தான் தடுப்பார்கள் பாவம்? ஒரு கோல் போட்டுச் சமன் செய்தோம். கடைசி விசிலுக்குச் சற்று முன்னால் நான் தட்டிவிட்ட பந்தை யூசுப் உள்ளே தள்ளினான்.

குடையை வீசிவிட்டு மைதானத்துக்குள் ஓடிவந்தவர் யார் என்கிறீர்கள்? மாமனாரேதான்!

"மாப்பிள்ளை, நடுவுல அஞ்சு பேரு... யாரு யோசன அது?"

"ஒங்க வீட்டுச் சோறுதான் மாமா."

எனக்கென்னவோ பெரிய வியூகங்கள் எல்லாம் இப்படி வேறு வழியில்லாமல்தான் பிறக்கின்றன என்று தோன்றுகிறது. யூசுப்பின் பூட்ஸ் தப்பித்தது. அதற்கு இப்போது எண்ணெய் போட்டுத் துடைப்பதே மாமனார்தான்.

வருகிற ஞாயிறு மறுபடியும் நாகப்பட்டினத்தோடு ஆட்டம். எங்களுக்கு மத்தியானம் கஞ்சி போதும் என்று உத்தரவு போட்டிருக்கிறார் — நெய்ச்சோற்று விருந்துக்கு நாகப்பட்டினத்து அணியை அழைத்திருக்கிறாராம்!