தேவநாதன் ஓட்டிய வீட்டு வண்டி

சீனுவாசன் முதலாளி வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். திருவெண்ணெய்நல்லூரில் கரும்புத் தோட்டம், திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டி. வெள்ளிக்கிழமை மண்டிக்குப் போனால் ஞாயிறுதான் திரும்புவார். நடுவில் பசிக்குமே? அதற்காக, யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட மிலிட்டரி ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில் போட்டு, தண்ணீர்த் தொட்டி வைத்து, ஸ்டவ் வைத்து, ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் என்னையும் வைத்தார். ரத்தக் காயத்தோடு சிப்பாய்கள் படுத்துக் கிடந்த வண்டிக்குள் ஆசாரம் எந்த வழியாக ஏறியது என்று ஒருநாள் கேட்டேன். சமையல்காரன் கண்ணையன் வாயைப் பொத்திக்கொண்டு குழம்பு வைத்தால் போதும் என்று உத்தரவாயிற்று.

என் கதை கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது டிரைவர் தேவநாதனைப் பற்றி.

தேவநாதன் அதற்கு முன் விழுப்புரம் பஸ் கம்பெனி ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தான். வாய் என்றால் அப்படி ஒரு வாய். "வீட்டையே ஓட்டப் போறேன், உங்க டப்பாவ நீங்களே வச்சிக்கினு அழுங்க" என்று கம்பெனி மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவன். முதலாளி தோட்டத்து ஓரமாக ஓடு போட்ட வீடு ஒன்றும் கொடுத்தார். அவன் பெண்டாட்டி அஞ்சம்மாளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்பது பேச்சு.

அந்த வண்டியில் டிரைவருக்கு முன்னால் ஒரு குமிழ் உண்டு. அதை வெளியே இழுத்து வைத்துவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம், வண்டி அதுபாட்டுக்கு ஒரே வேகத்தில் போகும். உள்ளே தள்ளினால் வேகம் தணியும். தேவநாதன் குமிழை இழுத்துவிட்டு, ஒரு காலை சீட்டின் மேல் மடித்துப் போட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவான். "பாத்தியா கண்ணையா, வண்டி என் மனசறிஞ்சி ஓடுது" என்பான். எனக்கும் சாம்பார் தளும்பாமல் இருந்தது. அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விக்கிரவாண்டி அருகே ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. தேவநாதன் குமிழைத் தள்ளினான். வேகம் தணியவில்லை. சாவியைத் திருப்பி, பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்து நிறுத்தினான். ஆடுகள் பிழைத்தன. ரசம் முழுக்க முதலாளியின் மடியில்.

அடுத்த வெள்ளியும் அதே கூத்து. அதற்கடுத்த வெள்ளியும். முதலாளிக்குப் பொறுமை போயிற்று. "இன்னொரு வாட்டி இது மாரி ஆச்சின்னா மூட்டைய கட்டிக்கினு கெளம்பு" என்றார்.

தேவநாதன் பெட்ரோலைக் குறை சொன்னான். விழுப்புரத்தில் பட்டறை வைத்திருந்த சிக்கந்தர் பாட்சா பாய், குமிழைத் தள்ளியதும் வேகத்தைத் தணிக்கிற ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் புதிது போட்டார். பிறகு குமிழிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கம்பியை மாற்றினார். பிறகு வண்டி செய்த வெள்ளைக்காரனைத் திட்டினார். முதலாளியம்மா லட்சுமியம்மாள் மட்டும் சந்தேகமே இல்லாமல் திருஷ்டி என்றார். வெள்ளிக்கிழமை காலையில் பானட்டைத் திறக்கச் சொல்லி, இன்ஜினில் கைக்கு எட்டிய உறுப்புக்கெல்லாம் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவது அவர் வழக்கம். வண்டி மக்கர் பண்ணப் பண்ண, சந்தனத்தின் கனம் கூடிக்கொண்டே போயிற்று.

ஒரு ஞாயிறு பாய் பட்டறையில் அவற்றைக் கழற்றிப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவும்போது தேவநாதனோடு நானும் நின்றிருந்தேன். கழுவிய எண்ணெய் மஞ்சளாக ஓடியது. விரலால் தொட்டு முகர்ந்தேன்.

"யோவ், இது சந்தனம்யா!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஈரமாக அப்பியது, இன்ஜின் சூட்டில் காய்ந்து, ஸ்பிரிங்கையும் கம்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"மொதலாளி கிட்ட நீங்க சொல்லுங்க பாய்" என்றான் தேவநாதன்.

"நானா? சாமி சந்தனத்தாலதான் பேஜாருன்னு ஒரு பாய் வந்து சொல்லணுமா? நல்லா இருக்குதுப்பா நியாயம். என்னிய வுட்டுடு" என்று பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் வேலை போகும். வாய் ஓயாத தேவநாதன் வாழ்க்கையில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டான். எனக்குப் பாவமாக இருந்தது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும், ஊரைத் தாண்டியதும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லி ஒரு புளியமரத்தடியில் நிறுத்துவான். மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வந்து உட்காருவான். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. முதலாளி பூரித்துப்போய் அம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்தினார். தேவநாதனுக்கு ஒரு கை சுண்டல் கிடைத்தது.

ஒரு வெள்ளி, மயிலம் கோயிலுக்குப் போக வேண்டுமென்று லட்சுமியம்மாளும் வண்டியில் வந்தார். புளியமரத்தடியில் காற்றாட இறங்கினார். பார்த்துவிட்டார்.

"அடப் பாவி! குங்குமத்த அழிக்கிறியேடா! நீ வெளங்குவியா?"

இனி மறைத்து என்ன? "அம்மா, சந்தனம் காஞ்சி ஸ்பிரிங்க புடிச்சிக்குதும்மா. தொடச்சாதான் வண்டி நிக்குது" என்றான் தேவநாதன்.

"சாமி மேலயே பழி போடறியா?" என்று முதலாளி கட்டிலிலிருந்து குதித்தார். "ஆமாங்க, நானும் பார்த்தேன்" என்றேன். "நீ கொழம்பப் பாரு" என்றார். தேவநாதனுக்கு அந்த மரத்தடியிலேயே கணக்கு முடிந்தது. அஞ்சம்மாள் கைக்குழந்தையோடு வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்குப் புது டிரைவர் மாசிலாமணி. குங்குமத்தை அழித்த பாவத்துக்குப் பரிகாரமாகச் சந்தனம் இரட்டிப்பு. பூஜையைக் காவல் காக்க லட்சுமியம்மாளும் ஏறிக்கொண்டார். விக்கிரவாண்டி தாண்டியதும் எதிரே ஒரு பாரவண்டி. மாசிலாமணி குமிழைத் தள்ளினான், குத்தினான், கும்பிட்டான். வண்டி சாலையை விட்டிறங்கி, கட்டில், ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி, குடும்பம் சகிதமாக ஏரிச் சேற்றில் போய் உட்கார்ந்தது. ஒருவருக்கும் அடியில்லை. முதலாளியின் தலையில் மட்டும் மோர்க்குழம்பு.

பின்னாலேயே திண்டிவனம் பஸ் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் தேவநாதன். மேனேஜர் காலில் விழுந்து, கம்பெனியிலேயே ஓட்டையான பஸ்ஸை ஓட்டுகிற வேலையைத் திரும்ப வாங்கியிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, பானட்டைத் திறந்து, ஸ்பிரிங்கோடு ஒட்டிக் காய்ந்திருந்த சந்தனத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தான். கேப்பை அடை கனத்துக்கு இருந்தது. அதை முதலாளியிடம் நீட்டினான்.

முதலாளி இரண்டு கையாலும் வாங்கினார். உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தேவநாதா, நீயே வந்துடுப்பா. வூடு அப்டியேதான் கெடக்குது."

தேவநாதன் கண் கலங்கிவிட்டது. "வர்றேங்க மொதலாளி. ஒண்ணே ஒண்ணு. பானட்டுக்குள்ள யாரும் சந்தனம் வைக்கக் கூடாது."

முதலாளி லட்சுமியம்மாளைப் பார்த்தார். லட்சுமியம்மாள் ஏரியைப் பார்த்தார்.

"அத்த வுட்டுட்டு வேற எதுனா கேளுப்பா" என்றார் முதலாளி.

தேவநாதன் சேற்றுக் காலோடு போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். நான் என் கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, "ஏய் தேவநாதா, இருய்யா" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.