ஒரு டிக் சத்தமும் ஒன்பது மணி கேட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு என் கார் என்னை அவமானப்படுத்தியது.

சாவியைத் திருப்பினேன். டிக். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டிக்.

பக்கத்து சீட்டில் என் மருமகள் சுகன்யா. மடியில் ஹால் டிக்கெட். திருப்பதியில் அவளுக்கு அரசு ஆசிரியர் வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்திப் போய் அழுதாலும் திறக்க மாட்டார்கள். அடுத்த முறை எழுதலாம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும். இரண்டு வருஷமாகக் குழம்பு கொதிக்கும்போதுகூட கையில் புத்தகத்தோடு நின்றவள் அவள்.

முதல் நாளே சொன்னாள். "ஆறரை பஸ்ஸுக்குப் போய்டறேன் மாமா."

நான் விடுவேனா? "ஆறு போர் லாரி வச்சிக்கினு கீறவன் வூட்டு மருமவ பஸ்ல போவறதா? ஊரு சிரிக்காது?"

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, இன்று ஆந்திர எல்லையில் இருக்கும் பிச்சாட்டூர் சுற்றுவட்டாரத்தில் பாதி ஆழ்துளைக் கிணறு என் வண்டி போட்டதுதான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வேன். அப்படிப்பட்டவன் ஓட்டும் கார்... டிக்.

மெயின் ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. சுகன்யா கதவில் கை வைத்தாள்.

"இரும்மா, இதோ ஸ்டார்ட் ஆய்டும்."

ஆகவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஏழே முக்காலுக்கு. அதில் போனால் மூடிய கேட்டைத்தான் பார்க்கலாம். மகன் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போயிருந்தான். லாரிகள் ஆறும் வெளியூரில் போர் போடப் போயிருந்தன. வாடகைக் கார்காரருக்கு போன் போட்டேன் — முகூர்த்த நாள், வண்டி கல்யாணத்துக்குப் போயிருக்கிறதாம்.

"பேட்டரி செத்துப்போச்சும்மா. நாலு வருஷம் ஆச்சி" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"லைட் எரியுதே மாமா? ஹார்னும் அடிக்குதே?"

"லைட்டுக்குக் கொஞ்சம் கரன்ட் போதும். ஸ்டார்ட் ஆவறதுக்கு மலையளவு வேணும்."

இது சரியான பதில்தான். ஆனால் பாதி பதில். மீதிப் பாதி எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

எதிர்வீட்டுக்கார மணியை எழுப்பி, தூக்கக் கண்ணோடு அவன் டிராக்டரைக் கொண்டுவரச் செய்தேன். கேபிள் தேடி எடுக்கவே அரை மணி நேரம். டிராக்டர் பேட்டரியிலிருந்து என் பேட்டரியின் முனைகளுக்கு நானே மாட்டினேன். மணி ஆக்சிலேட்டரை மிதித்தான். ஊரே அதிர்ந்தது. சாவியைத் திருப்பினேன்.

டிக்.

"யோவ் நைனா, உன் காரு மேல போர் போட்டுப் பார்க்கலாமா?" என்றான் மணி. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நேரம் ஏழு பத்து. சுகன்யா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இறங்கி வந்து, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்பைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்தாள்.

"மாமா, இது கொதிக்குது! அந்தப் பக்கத்து கிளாம்ப் ஜில்லுனு கீது."

"அதுக்கு?"

"எங்க சூடு ஏறுதோ அங்க கரன்டைத் தடுக்கற மாதிரி ஏதோ கீது. பேட்டரி இல்ல. ஸ்பேனர் எடுங்க."

பத்தாம் நம்பர் ஸ்பேனர். கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே... மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த ஒரு பொருக்கு.

சந்தனம். குங்குமம்.

யார் வைத்தது? வேறு யார்? ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் ஸ்பேனருக்குக்கூட பொட்டு உண்டு. இந்த வருஷம் பக்தி கூடிப்போய், கிளாம்பைக் கழற்றி, முனையைக் கழுவி, அதன்மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மேலேயே கிளாம்பை இறுக்கினவன் நான்தான். ஈரமாக இருந்தவரை ஓடியது. காய்ந்து பூக்கப் பூக்க, காலையில் இன்ஜின் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் கிளம்பும். பனி என்று நினைத்தேன்.

சுகன்யா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை!

உப்புத்தாள் எடுத்து முனையையும் கிளாம்பையும் பளபளவென்று தேய்த்தேன். இறுக்கினேன். திருப்பினேன். உறுமியது. நேரம் ஏழு இருபத்தைந்து.

நாராயணவனம் தாண்டும்வரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. புத்தூரில் காய்கறி ஆட்டோக்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பெட்ரோல் முள் கீழே கிடந்தது. பங்கில் நிறுத்தினால் இன்ஜினை அணைக்க வேண்டுமே... அணைத்தால் மறுபடி கிளம்புமா? நிறுத்தவே இல்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன், அன்று இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்தேன்.

எட்டு ஐம்பத்திரண்டு. கேட்டில் காவலர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கார் நிற்பதற்குள் அவள் இறங்கி ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் உள்ளே போனார்கள். கேட் மூடியது. ஒரு பெண் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அந்தப் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

இன்ஜினை அணைக்காமல் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெலுங்கர், தமிழும் பேசுவார். மீட்டரை வைத்துக்கொண்டு, வண்டியை அணைத்து மறுபடி கிளப்பச் சொன்னார். கிளம்பியது. ஆனால் கிளம்பும் நேரத்தில் பேட்டரி ஒன்பது வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. பேட்டரிக்கும் வயசாகிவிட்டது. பாருங்கள், நான் சொன்னதும் பொய் இல்லை!

"இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடுங்க" என்று ஒன்றைக் காட்டினேன்.

"ஒத்து பெத்தாயனா, வேணாம் பெரியவரே" என்று கையை ஆட்டினார். "அது உங்க வண்டித் தட்டுல உக்காராது. பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி இருக்கு, வயர் எட்டாது. பழசு என்ன சைஸோ, என்ன ஆம்பியரோ, அதே போடுங்க. பெருசுக்கு ஆசைப்பட வேணாம்."

என்னிடம் அப்படிச் சொல்ல ஆள் குறைவு. பழைய சைஸுக்கே தலையாட்டினேன். தயாரித்த மாதத்தை மட்டும் நானே தேடிப் பார்த்து, புதிதாக வந்ததை எடுத்தேன். அலமாரியில் ஒரு வருஷம் தூங்கிய பேட்டரியை நீங்களும் வாங்காதீர்கள்.

மாட்டி முடித்ததும், கடைக்காரர் வழக்கப்படி குங்குமத் தட்டை நீட்டினார். கை தானாக முனைப் பக்கம் போனது. நிறுத்தினேன். பேட்டரி மூடியின் நடுவில் வைத்தேன்.

மதியம் வெளியே வந்த சுகன்யா, எப்படி எழுதினாய் என்று நான் கேட்பதற்குள், "பானெட்டைத் தொறங்க மாமா" என்றாள். குனிந்து பார்த்தாள். மூடியில் பொட்டு. முனைகள் சுத்தம்.

"இப்ப சரி" என்றாள். பிறகுதான் சிரித்தாள். "நல்லா எழுதிக்கீறேன்."

பொட்டுக்கு இடம் நெற்றி. அது தெரிய எனக்கு அறுபத்தாறு வயது ஆயிற்று!